கயிற்றை அவிழ்த்தால் சம்மதம்

ரொம்பக் காலத்துக்கு முந்தி, செம்பாறை நாட்டைக் குலமாணிக்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் மனசில் ஒரு சந்தேகம் புகுந்துவிட்டால் போச்சு, சோறு இறங்காது. யார் புதுசாக எதைச் சொன்னாலும் "அட, அப்படியா!" என்று அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்.

அன்றைக்குச் சபை நடுவில் ஒரு பசுமாடு நின்றது. அதன் கயிற்றைப் பிடித்திருந்தவர் சுவடிக்கூடத்து அதிகாரி கயிலாயர். மந்திரி ஆவுடையப்பர் மேல் அவருக்குத் தீராத பொறாமை. ராஜா முன்னால் மந்திரியை ஒருநாளாவது மட்டம் தட்டிவிட வேண்டும் என்று காத்துக்கிடந்தவர். எதிரே வண்டிக்காரி பேச்சியம்மை அழுதுகொண்டிருந்தாள்.

"மகாராஜா, இவள் என் மாட்டு வைத்தியச் சுவடியைப் பக்கத்து ஊர்க் கோனாருக்குக் கொடுத்து இந்தப் பசுவை வாங்கியிருக்கிறாள். பசு எனக்குச் சேர வேண்டியது!" என்றார் கயிலாயர்.

"சாமி, அது நான் இவருகிட்டயே காசு கொடுத்து வாங்கின சுவடிங்க. காளை ரெண்டும் வயசாகிச் செத்துப்போச்சு, இனி அது எனக்கு எதுக்கு? வீட்டுல ரெட்டைப் பிள்ளைங்க, என் பால் பத்தலை. அதான் மாத்திக்கிட்டேன்."

"நீ வாங்கியது படிக்கும் அனுமதியை மட்டும்தான்! கடைசி ஏட்டில் எழுதியிருக்கிறேனே: 'கட்டை அவிழ்த்தவர் இதைக் கைமாற்றக் கூடாது. மாற்றினால் கிடைத்த பொருள் எழுதியவனுக்கே.' சுவடியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாய் அல்லவா? அவிழ்த்தாலே சம்மதம்!"

ராஜாவுக்குக் கண் விரிந்தது. காசு கொடுத்து வாங்கியும் சொந்தமில்லையா? அட! நம் ஆணை ஓலைகளுக்கும் இப்படி ஒரு கயிறு கட்டினால் என்ன?

மந்திரி பேச்சியம்மையிடம் திரும்பினார். "ஏம்மா, கொடுக்குமுன் ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டாயா?"

"எனக்கு எழுத்தாணி பிடிக்கவே தெரியாதுங்க. இருந்தது ஒண்ணு, அது இப்போ கோனார் வீட்டுல இருக்கு."

"படி எடுத்து விற்றிருந்தால் கயிலாயர் உழைப்பைத் திருடியதாகும், நானே தண்டித்திருப்பேன். இவள் தன்னிடம் இருந்த ஒன்றைத்தானே கொடுத்தாள், அரசே?"

"கயிற்றுக்குப் பதில் சொல்லும், மந்திரியாரே!" என்று துள்ளினார் கயிலாயர்.

"ஆமாம், கயிறு!" என்றார் ராஜா. "நாளைக் காலைக்குள் பதில் வராவிட்டால் பசு கயிலாயருக்கே."

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் ராஜாதான் சபையில் உட்கார்ந்திருந்தார். மந்திரி கையில் பட்டுத்துணி சுற்றி, சிவப்புக் கயிறு கட்டிய சுவடிக்கட்டு.

"கயிலாயரே, உம் புத்திக்கு என் பரிசு."

கயிலாயருக்கு முகமெல்லாம் பல். மந்திரி தோற்றுப்போனார் என்றே நினைத்து, சரக்கென்று கயிற்றை இழுத்தார். உள்ளே ஒற்றை ஏடு. ராஜாவுக்குப் பொறுக்குமா? தாமே எட்டி வாங்கி உரக்கப் படித்தார்:

"இக்கயிற்றை அவிழ்த்தவர் ஒரு வருஷம் அரண்மனைக் கொட்டிலில் சாணி அள்ளச் சம்மதிக்கிறார்."

சபையே குலுங்கிச் சிரித்தது.

"அநியாயம்!" என்று அலறினார் கயிலாயர். "உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவிழ்க்காமல் எனக்கு எப்படித் தெரியும்?"

மந்திரி ராஜாவைப் பார்த்துப் புன்னகைத்தார். ராஜா தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"அதானே! அவளுக்கு மட்டும் எப்படி ஐயா தெரிந்திருக்கும்? கயிறு கட்டுப்படுத்தும் என்றால் இப்போதே சாணிக்கூடையைத் தூக்கும். கட்டுப்படுத்தாது என்றால் பசுவை விடும். எது? சொல்லும்!"

"கட்டுப்படுத்தாது..." என்று முனகினார் கயிலாயர்.

"உரக்க!"

"கட்டுப்படுத்தாது, மகாராஜா!"

"இனி நிபந்தனை ஏதும் இருந்தால் காசு வாங்குமுன் வாய்விட்டுச் சொல்லி விற்க வேண்டும். மற்றபடி வாங்கின பொருள் வாங்கினவருக்கே, விற்கலாம், கொடுக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்ன ராஜா, முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார். கயிலாயர் தம் கையாலேயே பசுவை ஒப்படைத்து, வைக்கோல் கட்டைத் தலையில் சுமந்து கடைத்தெரு வழியே பேச்சியம்மை வீடுவரை போக வேண்டும் என்பதும் உத்தரவு.

கயிலாயர் தலை நிமிராமல் மாட்டுக் கயிற்றை நீட்டினார். பேச்சியம்மையோ கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"சாமி, இதைத் தொட்டா நான் எதுக்காச்சும் சம்மதிச்சதா ஆயிடுமா?"

ராஜா கிரீடம் சரியச் சரியச் சிரித்தார்.

"ஆகும் தாயி. உன் பிள்ளைங்க வயிறு நிறையப் பால் குடிக்கச் சம்மதிச்சதா ஆகும். பிடிச்சுக்கோ!"