மூன்றாவது மோட்டார்

ஆற்றங்கரை நீரேற்று நிலையத்தில் வீரபாகுவுக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். அவர் மோட்டார் போட்டால் ஊருக்கே தெரியும். மேட்டுத்தெரு வரைக்கும் பல்பு ஒருமுறை மங்கி எரியும். "வீரபாகு போட்டுட்டாருடே" என்பார்கள். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

அந்த மேட்டுத்தெருவுக்குத்தான் இப்போது பதினோரு நாளாகத் தண்ணீர் இல்லை. அவ்வளவு உயரத்துக்கு மூன்று மோட்டாரும் சேர்ந்து ஓட வேண்டும். பழைய மூன்றாவது எரிந்துபோய், அதற்குப் பதிலாகப் புதிதாய் வந்ததோ பெரிய மோட்டார். அதைப் போட்டதும் வோல்டேஜ் படுத்துவிடும்; ஓடுகிற இரண்டும் நின்றுபோகும்.

அதற்கு, வேகத்தை மெல்ல ஏற்றுகிற டிரைவ் என்ற கருவியைப் பொருத்த வந்த இன்ஜினியர் ஜெசிந்தா. முப்பது வயசு. ஐம்பத்திரண்டு வயசு வீரபாகு, வெட்கப்படாமல் அவரிடம் தொழில் படித்துக்கொண்டிருந்தார்.

"எடுத்த எடுப்புல வேகம் கொடுக்காம, மேட்டுக்கு எப்படி மேடம் தண்ணி ஏறும்?"

"உங்க வழியிலயே ஒரு தடவை போடுங்க அண்ணாச்சி."

போட்டார். கட்டடம் அதிர உறுமியது. வோல்டேஜ் முள் நானூறிலிருந்து முந்நூறுக்கு விழுந்தது. மூன்றும் நின்றன.

ஜெசிந்தா முதல் இரண்டையும் மறுபடி ஓடவிட்டார். மூன்றாவதை டிரைவுக்கு மாற்றி, முழு வேகம் பிடிக்கத் தொண்ணூறு விநாடி என்று வைத்தார்.

"இப்ப அழுத்துங்க."

மோட்டார் நிதானமாகச் சுற்ற ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்தது. முள் நானூறை விட்டு இறங்கவே இல்லை.

வீரபாகுவுக்குச் சப்பென்று போயிற்று.

போன் அடித்தது. மேட்டுத்தெரு கவுன்சிலர் பேச்சிக்கனி.

"என்ன வீரபாகு, கொஞ்ச நேரமா லைட்டு மங்கவே இல்லையே. இன்னைக்கும் மூணாவதைப் போடலையா?"

"ஓடுதுக்கா! தொட்டியைப் போய்ப் பாருங்க."

கொஞ்ச நேரத்தில் போனுக்குள் ஒரே கூச்சல். "கொட்டுதுய்யா! கொட்டுது!"

வீரபாகுவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மூன்று மோட்டாரையும் ஒருசேர ஓட்டிவிட்டார்! மீசையைத் தடவிக்கொண்டார். ஆனாலும் ஒரு குறை உறுத்தியது.

"எல்லாம் சரி மேடம். முந்தி லைட்டு மங்கினதும் என் பேரைச் சொல்வாங்க. இனிமே நான் போட்டேன்னு யாருக்குத் தெரியும்?"

ஜெசிந்தா கருவிகளைப் பைக்குள் எடுத்து வைத்தபடியே கேட்டார்.

"மங்கினது யார் வீட்டு லைட்டு அண்ணாச்சி?"