சத்தம் போடாத கீபோர்டு

"எந்தக் கீபோர்டு வாங்கினாலும் அவ தூங்க மாட்டேங்காம்மா. இனி நான் என்னதான் செய்ய?"

பூதலிங்கம்தான் கேட்டான். கேட்ட வேகத்தில் கையிலிருந்த அட்டைப்பெட்டியை மடத்துத் தரையில் பொத்தென்று போட்டான்.

சொர்ணத்தம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மடத்துப் பொங்கல் பானையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஆற்றங்கரையில் தகரக்கூரை போட்ட மடம் அது. குரு சொர்ணத்தம்மாவுக்கும் சிஷ்யன் பூதலிங்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. ஆனாலும் அவளைக் கண்டால் பாதி ஊருக்கு நடுக்கம். காலில் விழ வந்தவனை, "கும்பிட்டது போதும், போய் வேலையைப் பாரு" என்று விரட்டுகிற ரகம்.

பூதலிங்கத்தை மடத்தில் எல்லோருக்கும் பிடிக்கும். பிரஷர் ஏறியிருக்கு, கோபத்தைக் குறை என்று டாக்டர் சொன்னதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவன். கண்ணை மூடி உட்கார்ந்தால் கொசு கடித்தாலும் அசைய மாட்டான். புதிதாக வருகிறவர்களை ஓரமாகக் கூட்டிப்போய்ப் பொறுமையைப் பற்றிப் பேசுவான். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒரு மருந்துக் கம்பெனியின் சரக்குக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். விடிந்தால் அடைந்தால் நம்பர், நம்பர், நம்பர்தான். வலது ஓரத்தில் நம்பர் கட்டைகள் இல்லாத குட்டைக் கீபோர்டு அவனுக்கு ஆகவே ஆகாது. முழு நீளம் வேண்டும், அடி தாங்க வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது.

கண் திரையில் இருக்கும், கை தன்பாட்டுக்கு ஓடும். அவன் தொழிலில் கை நடுவில் நிற்கிற வழக்கமே இல்லை. ஒரு கட்டு பில் முடிந்து மொத்தம் ஒத்துப்போனால் மூச்சு விடாமல் அடுத்த கட்டு. மொத்தம் ஒத்துவராமல் இடித்தால்தான் கை நிற்கும்.

அவன் பெண்டாட்டி தெய்வக்கனி நர்ஸ். எப்போதும் ராத்திரி டூட்டி. காலையில் வந்து பகலில் தூங்கியாக வேண்டும். வீடோ ஒரே ரூம். அவள் கட்டிலுக்கும் அவன் மேசைக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம்.

தூங்காமல் தூங்காமல் போன வாரம் ஒரு நோயாளிக்குப் போட வேண்டிய ஊசியை அடுத்த கட்டில்காரருக்குப் போடப் போய்விட்டாள். கூட நின்ற நர்ஸ் கையைப் பிடித்ததால் ஒரு உயிர் தப்பியது. அன்றைக்கே தெய்வக்கனி முடிவு செய்துவிட்டாள். மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாத்தான்குளத்தில் அக்கா வீட்டுக்குப் போகிறாள். அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலையும் கேட்டு வைத்தாச்சு.

தூங்கத்தான் போறேன், வேற ஒண்ணுமில்ல என்றாளாம். தூங்கப் போகிறவள் கல்யாணப் பட்டுச் சேலையை எதற்குப் பையில் வைக்கிறாள்? அதைப் பார்த்த பிறகுதான் பூதலிங்கத்துக்குப் பயம் வந்தது.

பயம் வந்தால் மனுஷன் என்ன செய்ய வேண்டும்? இவன் கீபோர்டு வாங்கினான்.

முதலில் இருந்தது மெக்கானிக்கல், நீல ஸ்விட்ச். தட்டினால் ஒவ்வொரு கட்டையும் 'டக்' என்று பதில் சொல்லும். பொரிகடலை வறுக்கிற கடை வாசலில் குடியிருக்கிற மாதிரி. ஆனாலும் அவன் விரலுக்கு அதுதான் பழகியது. இந்தச் சத்தத்தில் எவள் தூங்குவாள் என்று அவனாகவே முடிவு செய்து அதைப் பரணில் போட்டான்.

அடுத்து ஜங்ஷன் கடையில் பழுப்பு ஸ்விட்ச் என்று ஒன்றைத் தலையில் கட்டினான் கடைக்காரன். பெட்டியில் மெக்கானிக்கல் என்று கொட்டை எழுத்து. கட்டையைப் பிடுங்கிப் பார்த்தால் உள்ளே பழைய ரப்பர் ஷீட். மெக்கானிக்கல் மாதிரி இருக்கும் என்றுதான் சார் போட்டிருக்கு என்று கடைக்காரன் சாதித்தான். களவாணிப்பயலே என்று பூதலிங்கம் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பணம் திரும்பவில்லை.

மூன்றாவது சிவப்பு ஸ்விட்ச். அதுதான் இப்போது தரையில் கிடப்பது. நீலத்தில் பாதிச் சத்தம்கூடக் கிடையாது. ஆனால் தெய்வக்கனி நீலம் இருந்தபோது தூங்கிய கொஞ்சநஞ்சத் தூக்கமும் இதில் போய்விட்டது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சொர்ணத்தம்மா பானையைக் கவிழ்த்தாள்.

"இதைவிடச் சத்தம் கம்மியா ஒண்ணு இருக்கா?"

"இருக்கும்மா. சைலண்ட் ஸ்விட்ச்னு தனியா விக்கான். உள்ள மெத்தை மாதிரி ரப்பர் வச்சிருப்பான்."

"அதையும் வாங்கிப் போடு. அது ஒண்ணு பாக்கி இருக்குன்னு நாளைக்குச் சொல்லக் கூடாது."

அதற்குமேல் பேசவில்லை. அடுத்த பானையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பூதலிங்கம் போனான். சைலண்ட் ஸ்விட்சோடு முழு நீளத்தில் வருவதெல்லாம் ஆனை விலை, குதிரை விலை. ஸ்விட்சைக் கழற்றி மாட்டுகிற வசதி உள்ள மலிவான ஒன்றைப் பிடித்தான். சைலண்ட் ஸ்விட்சைத் தனியாக வரவழைத்தான். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒவ்வொன்றாக மாட்டினான். அதைப் பொறுமையாகத்தான் செய்தான், பாவம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாட்டி முடித்துத் தட்டிப் பார்த்தான். பஞ்சில் விரல் வைத்த மாதிரி ஒரு சத்தமும் இல்லை. காத்தாடி ஓடுகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

தெய்வக்கனி அன்றிலிருந்து சுத்தமாகத் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குக்கூடக் காத்திருக்காமல் மடத்துக்கு ஓடி வந்தான் பூதலிங்கம். அந்தக் கூரைக்குக் கீழே அவன் குரல் உயர்ந்தது அன்றுதான் முதல்முறை. ரிவ்யூ போடுகிறவன் எல்லாம் காசு வாங்கிக்கொண்டு புளுகுகிறான் என்றான். கடைக்காரன் கொள்ளைக்காரன் என்றான். ஒரு கீபோர்டு வாங்கித்தரத் துப்பில்லாத கம்பெனி நாசமாய்ப் போக என்றான். கடைசியில் வர வேண்டிய இடத்துக்கு வந்தான்.

"வேணும்னே செய்தாம்மா. சத்தமே இல்ல. படுத்துக்கிட்டு என் முதுகையே பாத்துக்கிட்டுக் கிடக்கா. தூங்கணும்னு நினைச்சாத்தானே தூக்கம் வரும்?"

"சத்தத்தாலதான் தூக்கம் வரலன்னு அவ சொன்னாளா?"

"அவ என்னத்தைச் சொல்லுவா? வாயைத் திறந்தாத்தானே."

"நீ கேட்டியா?"

"கேக்காம இருப்பேனா."

"எப்படிக் கேட்ட? கேட்டுக் காட்டு."

பூதலிங்கம் தொண்டையைச் செருமினான். "ஏன் கனி, ஏன் தூக்கம் வரல?" என்றான். குரலில் தேன் சொட்டியது.

சொர்ணத்தம்மா முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவனுக்கு வேர்த்தது. மொத்தம் இடித்தால் தலை கொதிக்கும்மா என்று ஆரம்பித்தான். எழுந்து நாலு வார்த்தை கத்தினால்தான் அடங்கும், மேனேஜரிடம் கத்த முடியுமா, வீட்டில்தானே கத்த முடியும் என்றான். மோட்டார் போட்டியா, டீ எங்கே, போன் ஏன் அடிக்கிறது, அவ்வளவுதான் கேட்பேன் என்றான். சாமானைத் தூக்கி எறிவது உண்டு, ஆளை அடித்ததில்லை என்றான். ஒருமுறை பட்டிருக்கிறது, அதுவும் அவள் குறுக்கே வந்ததால் பட்டது என்றான்.

சே. குறுக்கே வந்தாளாம். அந்த ஒரு ரூம் வீட்டில் குறுக்கே வராமல் அவள் எங்கே போய் நிற்பாள்?

கேட்கிற யாருக்கும் கை பரபரக்கும். சொர்ணத்தம்மாவின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் தேறியிருப்பான். குருவிடம் திட்டு வாங்கிய கணக்கில் வரவு வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான்.

"நாளைக்குக் காலையில டூட்டி முடிஞ்சதும் அவளை இங்க கூட்டிட்டு வா. உன் வேலையையும் எடுத்துட்டு வா. பரண்ல கிடக்கே, அந்த முதல் கீபோர்டு, அதையும் தூக்கிட்டு வா."

"அம்மா, அது ஊரையே எழுப்பிரும்."

"தூக்கிட்டு வான்னா தூக்கிட்டு வா."

மறுநாள் காலை தெய்வக்கனி வந்தாள். கண் இரண்டும் குழிக்குள் கிடந்தது. நடக்கும்போது சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தாள். சொர்ணத்தம்மா அவளுக்குக் கஞ்சி கொடுத்தாள். கூடத்து மூலையில் பாய் விரித்து, படு தாயி என்றாள். அவள் படுக்காமல் புருஷனைப் பார்த்தாள்.

"அவனை நான் பாத்துக்கிடுதேன். நீ படு."

அவனைச் சுவரைப் பார்க்க ஒரு மேசை போட்டு உட்கார வைத்தாள். அடி என்றாள். எப்போதும் வீட்டில் அடிக்கிற மாதிரியே அடி என்றாள்.

அடித்தான். டக்டக்டக்டக்கென்று தகரக்கூரை வரை எதிரொலித்தது. பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் காதைப் பொத்தினார்கள். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஆற்றுப்பக்கம் போய்விட்டது.

தெய்வக்கனி தூங்கிவிட்டாள்.

சும்மா கண்ணயர்வது இல்லை. வாய் திறந்து, கை கால் பரத்தி, குறட்டை விட்டு, பச்சைப்பிள்ளைத் தூக்கம். ஈ வந்து முகத்தில் உட்கார்ந்தது, அவளுக்குத் தெரியவில்லை. பூக்கட்டுகிற பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

பூதலிங்கமும் திரும்பிப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்கு உச்சி எரிந்தது. எத்தனை அலைச்சல், எத்தனை காசு. கை நிற்காமலே தோளுக்கு மேலாகப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"பாத்தீங்களாம்மா. இந்தச் சத்தத்துல தூங்குதா. வீட்டுல இவ்வளவு நாளும் நடிச்சிருக்கா."

"வேலையைப் பாரு."

வேலையைப் பார்த்தான். ஒரு கட்டு முடிந்தது, ஒத்துப்போனது. இன்னொரு கட்டும் ஒத்துப்போனது. வெயில் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்தது. அவள் ஒருமுறைகூடப் புரளவில்லை. சொர்ணத்தம்மா பாயின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பார்வை அவன் மேல் இல்லை, அவள் மேல்தான் இருந்தது.

அடுத்த கட்டு இடித்தது.

திரும்பக் கூட்டினான். திரும்பவும் இடித்தது. எந்த பில் என்று தெரியவில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தலைக்குள் ஜிவ்வென்று ஏறியது. கையை எடுத்தான்.

கூடம் அமைதியானது.

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான்.

தெய்வக்கனி கண்ணைத் திறக்கவில்லை. முழங்காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டாள். இரண்டு கையையும் தூக்கித் தலையை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டே பேசினாள்.

"மோட்டார் போட்டாச்சு. டீ பிளாஸ்க்ல இருக்கு. போனை அமத்தி வச்சிட்டேன். மோட்டார் போட்டாச்சு."

பூ கட்டுகிற கைகள் அப்படியே நின்றன.

பூதலிங்கம் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றான். நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று சொல்ல வாயெடுத்தான். உண்மையிலேயே அவன் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து நின்றது மட்டும்தான்.

பிறகுதான் அவள் கண் விழித்தாள். தகரக்கூரையைப் பார்த்தாள். மடம் என்று புரிந்தது. சுற்றி இத்தனை பேர் இருப்பதைப் பார்த்ததும் கையைச் சட்டென்று இறக்கினாள். சேலையைச் சரிசெய்துகொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

சொர்ணத்தம்மா அவள் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள்.

"தாயி, எந்தக் கீபோர்டு வாங்கணும்னு கேட்டு இவன் என் உயிரை வாங்குதான். நீயே சொல்லிரு."

தெய்வக்கனி மேசைமேல் இருந்த கீபோர்டைக் காட்டினாள்.

"அதுவே இருக்கட்டும்மா. அதுல சத்தம் கேக்கிற வரைக்கும், அவுக எந்திரிக்கலன்னு எனக்குத் தெரியும்."