தொட்டிப் பேயின் கடைசிப் பத்து நிமிஷம்

தணிகைவேல், சினிமா எடிட்டர் எஸ்தரிடம் பன்னிரண்டு வருஷம் உதவியாளராக இருந்தவர். வயசில் எஸ்தரைவிட மூத்தவர். ஆனாலும் வாய் நிறைய "குருவே" என்றுதான் கூப்பிடுவார். எஸ்தருக்கு அது பிடிக்காது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி ஓய்ந்துவிட்டார்.

அந்தத் தணிகைவேல் இப்போது சொந்தமாக ஒரு பேய்ப்படம் எடுத்துவிட்டார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு பேய். வீட்டில் யார் எந்தக் குழாயைத் திறந்தாலும் தண்ணீருக்கு முன்னால் அதன் குரல் வரும்.

ரிலீசுக்கு முன்னால் தாம்பரத்தில் ஒரு தியேட்டரில் பகலில் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அலறல் என்றால் அப்படி ஓர் அலறல். படத்தின் கடைசிப் பத்து நிமிஷத்தில் போலீஸ் வந்தது. பேயே கிடையாது, வீட்டை அமுக்கப் பார்த்த மச்சினன்தான் தொட்டியில் ஸ்பீக்கரை ஒளித்து வைத்தான் என்று விளக்கியது. "அட போங்கப்பா!" என்று தியேட்டரே சலித்துக்கொண்டது.

தயாரிப்பாளர் தணிகைவேலை ஓரமாக இழுத்தார். "சாயங்காலம் படத்தை அனுப்பியாகணும். முடிவை மாத்துறதா இருந்தா இப்பவே மாத்து."

"ஒரு ஃபிரேமைக்கூடத் தொட மாட்டேன்" என்றார் தணிகைவேல். வீம்புதான். உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தார். பின்வரிசையில் உட்கார்ந்து படம் பார்த்த எஸ்தரிடம் நேரே வந்தார்.

"குருவே, கடைசி சரியில்லைன்னா மொத்தப் படமும் பாழா? இந்த ஒரு படத்துக்காகத்தானே இத்தனை வருஷம் காத்துக் கிடந்தேன்!"

"வாங்க, கை கழுவிட்டு வருவோம்."

"எனக்கு உயிர் போகுது, உங்களுக்குக் கை கழுவணுமா?"

"வாங்கன்னா வாங்க."

கழிப்பறைகளுக்கு வெளியே வரிசையாகக் குழாய்கள். பக்கத்துத் தூணோரமாக எஸ்தர் நின்றுகொண்டார். தணிகைவேலையும் நிறுத்திக்கொண்டார்.

பாப்கார்ன் பிசுபிசுப்போடு ஹெல்மெட்காரன் ஒருவன் நண்பனோடு வந்தான். "தூ, இதெல்லாம் ஒரு க்ளைமாக்ஸாடா?" குழாயில் கை வைத்தான். திருகவில்லை.

"நீ திறடா."

"ஏன், உன் கைக்கு என்ன கேடு?"

இரண்டு பேரும் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே போனார்கள்.

அடுத்து ஓர் அம்மாள், கணவரோடு. "நல்லா கொண்டு வந்தான், கடைசியில சொதப்பிட்டான் பாருங்க." சொல்லிவிட்டுக் குனிந்து குழாயில் காதை வைத்துக் கேட்டார். திறக்காமலே கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

தணிகைவேலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாழாகல குருவே! பேயே இல்லைன்னு சொன்ன பிறகும் நடுங்குறாங்களே! அப்போ நான் சொன்னதுதான் சரி. தொடவே வேண்டாம்."

எஸ்தர் குழாயைத் திறந்து நிதானமாகக் கை கழுவினார்.

"முதல்ல எழுதினப்போ முடிவு என்ன?"

"ஹீரோயின் மாடிக்குப் போய்த் தொட்டி மூடியைத் திறப்பா. உள்ளே ஒரே இருட்டு. அவ பேரைச் சொல்லிக் குரல் கூப்பிடும். அதோட முடிஞ்சுடும்."

"எடுத்தீங்களா?"

"எடுத்து வச்சிருக்கேன்."

"யார் மாத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல." தணிகைவேல் குரல் இறங்கிவிட்டது. "பேயாவது பிசாசாவதுன்னு யாராவது சிரிச்சுட்டா? லாஜிக் எங்கேன்னு கேட்டுட்டா? அதான் போலீஸை வரவழைச்சேன்."

எஸ்தர் குழாயை மூடினார். ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டார்.

"போலீஸே வந்து சொல்லியும் அவங்க உங்க பேயைக் கைவிடல, தணிகை. நீங்கதான் விட்டுட்டீங்க."

தணிகைவேல் எஸ்தரின் எடிட்டிங் அறைச் சாவிக்காகக் கையை நீட்டினார்.