வால்வும் அப்பளமும்

கொக்கலாங்குளத்தில் தண்ணீர் மோட்டாரைப் போடுவது அழகிரி. ஊர்க்கோடியில், மேல்நிலைத் தொட்டியடியில், குழாய் வால்வைத் திறப்பது சொக்கையா. ஒரு கருமாதிப் பந்தியில் அழகிரி சொக்கையாவின் இலையைத் தாண்டிப்போய் அடுத்த இலைக்கு அப்பளம் வைத்தான். அன்றோடு சொக்கையா பேச்சை நிறுத்தினார். ஊர் மறந்தது, அவர் மனசில் அந்த அப்பளம் நொறுங்காமல் அப்படியே இருந்தது.

அதனால் மோட்டார் ஓடும்போது வால்வு மூடியிருக்கும். வால்வு திறந்திருக்கும்போது மோட்டார் சும்மா கிடக்கும். ஊர்க்காரர்கள் மோட்டாரைக் குறைசொல்லி மாற்றி மாற்றிப் புதுசு வாங்கினார்கள். சொக்கையாவுக்கு அதில் வருத்தமே இல்லை, தன் மகள் கல்யாணம் வரும்வரை. மறுநாள் முகூர்த்தம். தொட்டிக்குள் பல்லி ஓடுகிறது.

டவுனிலிருந்து வந்த இன்ஜினீயர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். "இரும்பு பாதி, மனுஷன் பாதி. அதுதாங்க அமைப்பு. இரும்பு நல்லாத்தான் இருக்கு. இவங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து பேசி வேலை பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

ஊராட்சித் தலைவர் பொன்னுரங்கம் இருவரையும் மோட்டார் ரூமில் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார். அழகிரி வீட்டிலிருந்து பொரித்த அப்பளம் வந்தது. சொக்கையா அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்குப் பக்கத்து இலைக்கு வச்சது இதைவிடப் பெருசு" என்றார். பிறகு தின்றார். சமாதானம் ஆயிற்று.

அழகிரி சுவிட்சில் கை வைத்ததும் தலைவருக்குச் சந்தேகம் வந்தது.

"ஏம்ப்பா, வால்வை யாரு தொறக்கிறது?"

"நான் எந்திரிச்சுப் போனா ஒண்ணா உக்காந்த மாதிரி ஆகாதே" என்றார் சொக்கையா.

ஊர் கூடி யோசித்தது. கடைசியில் வால்வைக் கழற்றிக் கொண்டுவந்து சொக்கையா மடியில் வைத்தார்கள். அழகிரி சுவிட்சைப் போட்டான். சொக்கையா மகளை நினைத்துக்கொண்டு பயபக்தியோடு வால்வைத் திருகினார்.

தொட்டியடியில், வால்வு இருந்த இடத்தில், தண்ணீர் பீய்ச்சியடித்தது. சமையல்காரர் அண்டாவோடு ஓடிவந்தார். தலைவர் மறித்தார்.

"தொட்டித் தண்ணியிலதான்யா சமைக்கணும். இது தரைத்தண்ணி. மேல ஏறட்டும், பொறு."

ஏறவில்லை. மறுபடியும் பேசினார்கள். இரும்பில் குற்றமில்லை, மனுஷனிலும் இப்போது குற்றமில்லை. தொட்டிதான் ஒட்டாமல் உயரத்தில் நிற்கிறது என்று தீர்ப்பாயிற்று.

மாப்பிள்ளை வீட்டார் வேனிலிருந்து இறங்கியபோது ஊரே தொட்டியின் தூண்களில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தது. சொக்கையா ஒரு கயிற்றுமுனையை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் கெடக்கு மாப்ளே. ஒரு கை புடிங்க, தொட்டிய எறக்கி வச்சிட்டா சாப்பாடு தயார்."