இரண்டு நிமிட ஸ்டார்ட்

பாளையங்கோட்டையில் கார் ஒயரிங் பட்டறை வைத்திருக்கும் மெர்லினுக்கு ஒரே ஒரு சீடர். வயது அறுபத்தாறு. ஒன்பதாம் வகுப்பில் மின்னோட்டப் பாடத்துக்கு அவளுக்கு முப்பத்தாறு மார்க் போட்ட அதே வேலாயுதம் சார்தான்.

அன்று வகுப்பு சார் வீட்டு வாசலில்.

"ஓடாத வண்டியில சார்ஜ் எப்படிம்மா தீரும்? போன வருஷம்தான் பேட்டரி மாத்தினேன்."

"சும்மாவா நிப்பாட்டி வச்சிருந்தீங்க?"

"சேச்சே. தெனமும் காலையில ஸ்டார்ட் பண்ணுதேன். ரெண்டு நிமிஷம். அப்புறம் ஆஃப்."

மெர்லின் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"நிக்குற வண்டியிலயும் கடிகாரம், அலாரம்னு கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். அதை வாரக்கணக்கா தாங்கும் சார். ஆனா ஸ்டார்ட் ஆகுறதுக்கு மொத்தமா இழுக்குமே, அது ரெண்டு நிமிஷத்துல திரும்ப ஏறாது. காப்பாத்துறேன்னு நீங்கதான் காலி பண்ணியிருக்கீங்க."

சாரின் முகம் வாடிவிட்டது.

"வண்டிக்காக இல்லைம்மா. செண்பகத்துக்காக."

செண்பகம் அவர் மனைவி. இடுப்பெலும்பு முறிந்து நாலு மாதம் ஆகிறது. வண்டி அவளுடையது, ஓட்டுவதும் அவள்தான். சாரிடம் லைசென்ஸ் உண்டு, தைரியம் கிடையாது. காலையில் எஞ்சின் சத்தம் கேட்டால்தான் அவள் எழுந்து வாக்கரைப் பிடிப்பாள். இன்று வெறும் டிக் டிக். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

மெர்லின் தான் கொண்டுவந்த பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தாள். வண்டி உறுமியது.

"ஏங்க, நம்ம வண்டியா?" உள்ளிருந்து குரல்.

சாருக்குக் கண் நிறைந்துவிட்டது. பழக்கதோஷம், அணைக்கக் கை சாவிக்குப் போனது. மெர்லின் தட்டிவிட்டாள்.

"அரை மணி நேரமாவது ஓடணும். வல்லநாடு வரைக்கும் போயிட்டு வாங்க."

"அவ இல்லாம அவ வண்டியை எடுக்கவா?"

"கார்ல போகக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா?"

சார் தரையைப் பார்த்தார்.

"போகலாம்னுட்டார். போன வாரமே. நான்தான் அவகிட்ட சொல்லலை. முழுசா குணமாகி அவளே ஓட்டட்டும்னு... எனக்கு ஓட்டவும் பயமா இருக்கும்மா."

மெர்லின் முன்பக்கத்து இடது கதவைத் திறந்து வைத்தாள்.

"பக்கத்துல உக்காந்து வழியெல்லாம் உங்களைத் திட்டட்டும் சார். நாலு மாசமா அவங்க யாரைத் திட்டினாங்க?"