ஜமீன்தார் பத்துக்குப் பத்து சுட்ட கதை

மொச்சிக்காட்டு ஜமீன்தார் கஜவதன பூபதி ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் புறப்பட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. இப்போது அவர் அரண்மனைக்குப் பின்னால் இருக்கிற மாந்தோப்பில் இருந்தார்.

சிரிக்காதீர்கள். மனுஷனுக்கு வந்த கஷ்டம் அப்படி. மைத்துனர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். அந்த மைத்துனர், தான் சுட்ட புலியின் தோலை நடுக்கூடத்தில் விரித்து, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாயசம் குடித்தார். பூபதிக்கு வயிறு எரிந்தது. "ப்பூ, புலிதானா? நான் ஆப்பிரிக்காவுக்கே வேட்டைக்குப் போறேன்" என்று பந்தியில் வைத்துச் சவடால் அடித்துவிட்டார். ஊர் சும்மா விடுமா? மேளம் கொட்டி, ஆரத்தி எடுத்து, கழுத்து நோக மாலை போட்டு ரயிலடிக்கே கொண்டுபோய் விட்டுவிட்டது.

ரயிலடியில் உட்கார்ந்துதான், வேட்டைக்கு ஆள் கூட்டிப்போகிற கம்பெனி போட்ட கடிதத்தைக் கடைசிவரை படித்தார்கள். பத்துக் குண்டில் பத்தும் குறியில் பட்டது என்று ஒரு பட்டாளத்துக்காரர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இல்லாமல் யாரையும் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று அதில் கண்டிருந்தது. பூபதி அதுவரை துப்பாக்கியைச் சுவரில்தான் பார்த்திருக்கிறார்.

ஆரத்தி எடுத்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு திரும்பிப் போவது? அதனால்தான் தோப்பு. சான்றிதழ் வந்தால் கப்பல். வராவிட்டால் ஆயுசு முழுக்க மாமரத்தடி. தினமும் மத்தியானம் அரண்மனைச் சமையல்காரர் தூக்குச்சட்டியோடு வருவார். "ஆப்பிரிக்காவிலே வெயில் எப்படின்னு அம்மா கேக்கச் சொன்னாங்க" என்பார். "இங்கே இருக்கறதைவிட ஜாஸ்தின்னு சொல்லு" என்று பூபதி பெருமூச்சு விடுவார். அவருக்குத் தன் கட்டிலும் மெத்தையும் நினைவுக்கு வந்து கண் கலங்கும்.

கூடவே இரண்டு பேர். ஒருவர் வெள்ளியங்கிரி, ஜமீனின் எழுத்தர். கடிதத்தை முதல் பாதியோடு படித்து நிறுத்தியவர் இவர்தான். இன்னொருவன் தொப்பளான், பல்லக்குத் தூக்கி. பல்லக்கு உடைந்து ஒன்பது வருஷமாகியும் வேலையை விடாதவன். சுடக் கற்றுக்கொடுக்க வந்தவர் பட்டாளத்தில் ஓய்வுபெற்ற ஹவில்தார் அந்தோணிமுத்து. பொய் சொல்லாத மனுஷர். பாவம், அவருக்கும் போதாத காலம்.

"முதல்லே ஒரு கண்ணை மூடணும்" என்றார் ஹவில்தார்.

"வெள்ளியங்கிரி, மூடு" என்றார் பூபதி.

வெள்ளியங்கிரி தன் இடது கண்ணை மூடிக்கொண்டார்.

"அவர் இல்லீங்க, நீங்க மூடணும்!"

"நான் எதுக்கய்யா மூடணும்? இதுக்கெல்லாம் ஜமீனிலே ஆள் இருக்கு."

ஹவில்தார் அடுத்த பாடத்துக்குத் தாவினார். "சரி. இப்போ மூச்சைப் பிடிக்கணும்."

தொப்பளான் யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டான்.

"துப்பாக்கி உதைக்கும். தோளிலே நல்லா அணைச்சு வைங்க."

பூபதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னை உதைக்குமா? எங்க பாட்டனார் காலத்திலேருந்து இந்த ஜமீனிலே ஒருத்தன் எங்களை உதைச்சதில்லே. தொப்பளான், தோளைக் கொடு."

ஆக, எழுத்தர் கண்ணை மூட, பல்லக்குத் தூக்கி மூச்சைப் பிடித்துத் தோளையும் கொடுக்க, ஜமீன்தார் சுட்டார். குண்டு எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. தொப்பளான் மட்டும் நீலம் பாரித்துக் கீழே விழுந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். "பிடிக்கச் சொன்னாரு, பிடிச்சேன். விடச் சொல்லவே இல்லீங்களே எஜமான்" என்று அழுதான்.

மறுநாள் ஹவில்தார் அட்டையில் ஒரு சிங்கம் வரைந்து மரத்தில் சாத்தினார். அதைப் பார்த்ததும் வெள்ளியங்கிரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எஜமான், இது அம்மனோட வாகனமாச்சே! இதைச் சுட்டா அவ எதிலே போவா?"

பூபதி துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார். "நல்ல வேளை சொன்னே. யானை?"

"இந்திரனோடது."

"எருமை?"

"எமனோடதுங்க. அதைச் சுட்டா அவர் நடந்தே வந்துடுவாரு."

"மான்?"

"வாயுவுக்கு. காத்தே வராது, புழுங்கிச் சாகணும்."

"முதலை கங்கையம்மாவோடது" என்று தொப்பளானும் தன் பங்குக்குச் சொன்னான். "புலி ஐயப்பனோடது."

பூபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். "புலியா? அதான் மைத்துனன் வீட்டுக் கிணறு போன வருஷம் வத்திப்போச்சு!" தோப்புக்கு வந்த பிறகு அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

சாயங்காலம் வரை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். எந்தச் சாமியும் ஏறாத மிருகம் ஆப்பிரிக்காவில் ஒன்றே ஒன்றுதான்: ஒட்டகச்சிவிங்கி. அதன் முதுகில் உட்கார்ந்தால் பின்பக்கமாகச் சறுக்கிவிடும் என்பதால் சாமிகள் வேண்டாமென்று விட்டிருக்கலாம் என்பது வெள்ளியங்கிரியின் கருத்து.

ஹவில்தார் சிங்க அட்டையைக் கழற்றி வைத்தார். தோப்பு ஓரத்துப் பனைமரத்தில் சுண்ணாம்பால் புள்ளி வைத்து, உச்சியில் ஒரு மண்பானையைத் தலையாகக் கவிழ்த்தார். அடுத்த நான்கு நாளில் அந்தப் பானையைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் குண்டு பட்டது. தூக்குச்சட்டியில் பட்டது. ஹவில்தாரின் தொப்பியில் பட்டது, நல்லகாலம், அப்போது தொப்பி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. சமையல்காரர் இனிமேல் ஆப்பிரிக்காவுக்கு வர முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஐந்தாம் நாள் ஹவில்தாருக்குப் பொறுமை போய்விட்டது. "முனையும் குறியும் ஒட்டி இருக்கணும்யா! துப்பாக்கி முனையை விட்டுக் குறி ஒரு இம்மி விலகக் கூடாது! இது தெரியாம நீங்க ஜென்மத்துக்கும் சுட முடியாது!" என்று கத்திவிட்டு வெற்றிலை போடப் போனார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றார் பூபதி வருத்தத்தோடு.

ஹவில்தார் திரும்பி வந்தபோது பத்துப் பானைகள் வரிசையாக இருந்தன. துப்பாக்கி முனையில் ஒரு பானையை வைத்துச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். டுமீல்! பானை சிதறியது, கயிறு அவிழ்ந்து விழுந்தது. அடுத்த பானை. டுமீல்! பத்துக்குப் பத்து.

ஹவில்தார் கம்பெனி அனுப்பியிருந்த சான்றிதழ்த் தாளை எடுத்து இரண்டு தடவை படித்தார். "பத்துக் குண்டில் எத்தனை பட்டது?" என்று மட்டும்தான் அதில் கேட்டிருந்தது. எதைச் சுட்டார், எங்கே வைத்துச் சுட்டார் என்று ஒரு கேள்வியும் இல்லை. பொய் சொல்லாத மனுஷர் "பத்து" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மொச்சிக்காட்டுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே இருக்கிற கடலை நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டு, சம்பளம்கூட வாங்காமல் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

பூபதி ஆனந்தத்தில் அழுதேவிட்டார். உடனே வெள்ளியங்கிரி எழுத, கம்பெனிக்குக் கடிதம் சொல்லத் தொடங்கினார். "நாங்கள் வந்து சேருவதற்குள் ஓர் ஒட்டகச்சிவிங்கியைத் தயாராக நிறுத்திவைக்கவும். சாதுவானதாக இருக்கட்டும். கழுத்தைத் துப்பாக்கி முனையில் கட்ட வேண்டும். கயிறு நாங்களே கொண்டுவருகிறோம்."

தொப்பளான் தலையைச் சொறிந்தான். "எஜமான், ஒரு சந்தேகம். கட்டின பிறகு அது நம்ம கையிலேதானே இருக்கு? பின்னே எதுக்குச் சுடணும்?"

பூபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கப்பலும் மானமும் கண்முன்னே முழுகப் பார்த்தன. அவர் வெள்ளியங்கிரியைப் பார்த்தார். வெள்ளியங்கிரி பேனாவைக் காதில் செருகிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார்.

"சுடாம எப்படிடா கயிறு அவிழும்?" என்றார் கடைசியில். "பத்துத் தடவை பார்த்தியே, சுட்டாத்தானே அவிழ்ந்தது? அவிழ்க்காம விட்டா அது எப்படி வீட்டுக்குப் போகும்?"

"அதானே!" என்றார் பூபதி, போன உயிர் திரும்பி வந்தவராக. கடிதத்தின் அடியில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

"நான் சுட்டவுடன் மிருகம் தன் வீட்டுக்குப் புறப்பட்டுவிடும். வழியில் யாரும் நிற்க வேண்டாம்."