வண்டியின் மூக்கு

கோயம்புத்தூருக்குத் தெற்கே, பந்தயத் திடலுக்குப் போகும் சாலையில் ஒரு பட்டறை இருந்தது. அங்கே ஐந்து பேர் சேர்ந்து ஒரே ஒரு பந்தயக் காரைச் செய்துகொண்டிருந்தார்கள். அதன் எடை நானூற்று எண்பது கிலோவைத் தாண்டக் கூடாது. அதுதான் அந்தப் பட்டறையின் ஒரே பேச்சு.

பட்டறையின் ஆசிரியர் ரேணுகா. வயது முப்பத்தொன்பது. கார்பன் துணியை அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைத்து, அடுப்பில் சூடேற்றி, இரும்புக்கு ஈடு கொடுக்கிற ஆனால் ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய உடல் செய்யத் தெரிந்தவர்.

அவரிடம் சீடராக வந்தவர் மருதாசலம். வயது ஐம்பத்தேழு. முப்பத்தொரு வருடம் வார்ப்படச் சாலையில் மர அச்சு செய்தவர். அவர் அச்சில் வார்த்த பம்பு ஒன்றுகூட உடைந்து திரும்பி வந்ததில்லை. மகள் ஓவியா இந்தக் காரை ஓட்டத் தேர்வானதும், வேலையை விட்டுவிட்டு ரேணுகாவிடம் வந்து நின்றார்.

“அவ உக்காரப் போற வண்டிங்க அம்மணி. அதுல என்ற கையும் இருக்கோணும். சொல்லிக் குடுங்க.”

“என்னைவிடப் பதினெட்டு வயசு பெரியவருங்க நீங்க.”

“அதனாலதானுங்க அவசரமா வந்தேன்.”

ரேணுகா சிரித்துவிட்டார். சேர்த்துக்கொண்டார்.

முதல் இரண்டு மாதம் துணி வெட்டுவதும் எடை பார்ப்பதும்தான் வேலை. மருதாசலம் திருகாணிகளை எடை போட்டார். பூசிய வண்ணத்தை எடை போட்டார். கதவில் ஒட்டும் எண் பதினோரு கிராம் என்று கண்டுபிடித்து நோட்டில் எழுதினார்.

எஞ்சின் வேலை பார்க்கும் அமானுல்லாவுக்கு அது நல்ல வேடிக்கை.

“அண்ணா, காத்தால நாலு இட்லி தின்னேன். அதை வண்டிக் கணக்குல எழுதறதா, என்ற கணக்குல எழுதறதா?”

“நீ வண்டில ஏறாத. எந்தக் கணக்கும் வராது.”

மூன்றாவது மாதம் அவருக்கு மூக்கு கிடைத்தது.

மூக்கு என்பது வண்டியின் முன்கோடியில், ஓட்டுபவரின் கால்களுக்கு முன்னால், நான்கு திருகாணிகளில் நிற்கும் கூடு. ஒரு வாளி அளவு இருக்கும். வண்டி எதிலாவது மோதினால் முதல் அடி அதற்குத்தான். வரைபடத்தில் பதினான்கு துணி என்று போட்டிருந்தது. மருதாசலம் செய்வது வண்டிக்கு. ரேணுகா ஏற்கெனவே ஒன்று செய்து, மாற்றுக்கென்று அலமாரியில் வைத்திருந்தார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு துணியின் முதுகிலும் நீலத் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். அதை உரித்துவிட்டுத்தான் துணியை அச்சில் வைக்க வேண்டும். உரித்த தாளைத் தட்டில் போட வேண்டும். வேலை முடிந்ததும் ரேணுகா வந்து தாள்களை எண்ணுவார். ஒன்று குறைந்தால், அது துணிகளுக்கு நடுவே சிக்கிவிட்டது என்று பொருள். அத்தனையையும் பிரித்துத் தேடியாக வேண்டும்.

வியாழக்கிழமை பிற்பகல் மருதாசலம் பதினான்கு துணி வைத்து முடித்தார். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. இதற்குப் பின்னால் ஓவியாவின் இரண்டு பாதங்கள் இருக்கும். ஐந்தாம் எண் ஷூ போடுகிற பாதங்கள்.

பதினைந்தாவதாக ஒன்று வைத்தார். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. இருபதில் நிறுத்தினார்.

தட்டிலிருந்து ஆறு தாளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு ஆறையும் எடுத்துத் தட்டிலேயே போட்டார்.

ரேணுகா வந்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். அச்சைப் பையில் இட்டு, காற்றை உறிஞ்சி எடுத்து, அடுப்புக்குள் தள்ளினார்.

மருதாசலம் அன்று வீட்டுக்குக் கிளம்பும்வரை திட்டு விழும் என்று காத்திருந்தார். விழவில்லை.

வெள்ளிக்கிழமை மூக்கைத் தராசில் வைத்தார்கள். இரண்டு கிலோ எண்ணூறு இருக்க வேண்டும். நான்கு கிலோ இருந்தது.

“ஒரு கிலோ இருநூறு அதிகமுங்க அம்மணி.” அவரே சொன்னார்.

“தெரியுமுங்க. இருபது தாள் இருந்துச்சு.”

“அப்பவே கேட்டிருக்கலாமுல்லங்க?”

“ஆறை ஒளிச்சுட்டுப் பதினாலு மட்டும் போட்டிருந்தா கேட்டிருப்பேன்.”

மருதாசலம் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் மனது இறங்கி வரவில்லை.

“ஓட்டத்துல ஒரு நொடி போகட்டுமுங்க. ஜெயிக்காட்டியும் போகுது. மோதினா என்ற பொண்ணு எந்திரிச்சு வரோணும். எனக்கு அது போதும்.”

“எனக்கும் அதுதானுங்கண்ணா வேணும்.” ரேணுகா மூக்கைத் தராசிலிருந்து எடுத்தார். “பின்னாடி பப்பாளி மரத்துல ரெண்டு பழம் பறிச்சுட்டு வாங்க. நல்லாப் பழுத்ததா. அழுத்தினா விரல் குழியோணும்.”

பட்டறையின் பின்பக்கம் இரண்டு இரும்புக் கம்பங்களுக்கு நடுவே முன்னூறு கிலோ பலகை ஒன்று தொங்கும். எதையாவது மோதிப் பார்க்க வேண்டுமென்றால் அதில் மாட்டி, இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து கீழே விடுவார்கள். ரேணுகா அந்தப் பலகையின் அடியில் மருதாசலத்தின் மூக்கைத் தரை பார்க்க மாட்டினார். மேலே ஒரு ஹெல்மெட்டைப் பொருத்தினார். அதற்குள் ஒரு பப்பாளியை வைத்து, சீட் பெல்ட் பட்டையால் கட்டினார்.

அமானுல்லா கொக்கியை விடுவித்தார்.

கோயில் மணியில் சம்மட்டி விழுந்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். மூக்கு உடையவில்லை. ஒரு பக்கத்தில் நகம் பட்டது போல ஒரு கீறல்.

மருதாசலத்தின் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா அம்மணி!”

“பாத்தேனுங்க. ஹெல்மெட்டைக் கழட்டுங்க.”

மருதாசலம் பட்டையை அவிழ்த்தார். மஞ்சள் சதை அவர் விரல்களுக்கு நடுவே வழிந்தது. உள்ளே ஒட்டியிருந்த கறுப்பு விதைகளை ஒவ்வொன்றாக எடுக்கப் பார்த்தார். ஏழெட்டு எடுத்ததும் முடியவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.



ரேணுகா உள்ளே போய், அலமாரியிலிருந்த மூக்கை எடுத்து வந்தார்.

“அது மாத்துக்குன்னு வெச்சதுங்க அம்மணி. வண்டிய பந்தய ஆய்வுக்குக் கொண்டுபோக ஆறே நாள்தான் இருக்குது. அதுவும் போயிருச்சுன்னா?”

“போகட்டும்.” ரேணுகா அதை மாட்டி, ஹெல்மெட்டில் இரண்டாவது பழத்தைக் கட்டினார்.

இரண்டாவது தடவை சத்தமே வேறாக இருந்தது. காய்ந்த சோளத்தட்டைக் கட்டின்மேல் மாடு நடந்தால் அப்படித்தான் கேட்கும். பலகை நின்றபோது மூக்கு இருந்த இடத்தில் கறுப்புத் தூளும் நாரும் கிடந்தன. மருதாசலம் அளந்து பார்த்தார். நாற்பது சென்டிமீட்டர் இருந்ததில் பதினேழுதான் மிச்சம்.

ஹெல்மெட்டை அவிழ்க்க அவருக்குக் கை வரவில்லை. ரேணுகா அவிழ்த்தார்.

பப்பாளி முழுசாக இருந்தது. தோலில் பட்டை அழுத்திய ஒரு கோடு மட்டும்.

மருதாசலம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

“அண்ணா, அது உங்க பேத்தி இல்ல,” என்றார் அமானுல்லா. “குடுங்க, அறுக்கலாம்.”

அறுத்துக்கொண்டிருக்கும்போது ஓவியா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். இருக்கைக்கு அளவு கொடுக்க வந்தவள். வந்ததும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

“ஏப்பா கண்ணு செவந்திருக்கு?”

“கார்பன் தூசி, சாமி.”

“கண்ணாடி போட்டுக்கச் சொல்லி எத்தன தடவ சொல்றது? அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க.” இன்னும் இரண்டு துண்டு எடுத்தாள். “நல்லாத் தித்திக்குது. ஒரு பழந்தானா இருந்துச்சு?”

மருதாசலம் ரேணுகாவைப் பார்த்தார்.

“இன்னொண்ணு திங்க ஆகலம்மா,” என்றார் ரேணுகா. “போய் இருக்கைல உக்காரு. அமான் அளவெடுப்பாரு.”

ஓவியா விரலை நக்கிக்கொண்டே உள்ளே போனாள்.

ரேணுகா கார்பன் துணி கெடாமல் வைக்கும் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார். துணி சரியாகப் பதினான்கு இருந்தது. புதிதாக வரவழைத்தால் நாற்பது நாள் ஆகும்.

“நாளைக்குக் காத்தால எட்டு மணிக்கு வந்துருங்கண்ணா. மூக்கு போடோணும்.”

“நானா?” மருதாசலம் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். “நீங்க போட்டுருங்க அம்மணி. ஒண்ணுக்குத்தான் துணி இருக்குது. இது உடையாமச் செஞ்சே பழகின கைங்க. எனக்கே இதுமேல நம்பிக்கை போயிருச்சு.”

“உங்களத் தவிர யாரும் போட வேண்டாம்.”

உள்ளே ஓவியா எதற்கோ சிரிப்பது கேட்டது. இருக்கை இடுப்பைக் கவ்வுகிறது, நாலு இட்லிக்குக்கூட இடமில்லை என்றாள்.

மருதாசலம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பதினாலுக்கு மேல ஒண்ணு வெக்கக் கூடாது. அது புரிஞ்சுபோச்சுங்க. ஒண்ணு கொறைக்கவும் கூடாது. வரைபடத்த எவனோ போட்டான், துணிய எவனோ நெய்தான். அப்ப அவளுக்குன்னு நான் குடுக்கறதுக்கு இதுல என்னதானுங்க இருக்குது?”

ரேணுகா அச்சில் ஒட்டியிருந்த ஒரு பிசிறை நகத்தால் எடுத்தார்.

“பதினாலாவது துணிக்கு வரும்போது மணி மூணாயிருமுங்கண்ணா. முதுகு கடுக்கும். கண்ணு மங்கும். இது போதும்னு கை சொல்லும். அப்ப அந்தத் துணிய மொதத் துணி மாதிரி வெக்கோணும். அதை நான் வேற யாருகிட்டயும் கேக்க முடியாது.”